பபுள் சிபாப் போடுவதும் பார்த்துக்கொள்வதும்: எஸ்.என்.சி.யு.வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எஸ்.என்.சி.யு.வுக்கு, அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவுக்கு, புதிதாகப் போஸ்டிங் வருகிறவர் ஸ்டாஃப் நர்ஸோ, பயிற்சி டாக்டரான சி.ஆர்.ஆர்.ஐ.யோ, யாராக இருந்தாலும் முதலில் பயப்படுவது வெண்டிலேட்டரைப் பார்த்துத்தான். பக்கத்து வார்மரில் குடுகுடுவென்று சத்தம் போட்டுக்கொண்டு, மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் பபுள் சிபாப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பாட்டில், கொஞ்சம் தண்ணீர், இரண்டு குழாய், மூக்கில் ப்ராங்ஸ் என்கிற குட்டி இரட்டைக் குழல், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வெண்டிலேட்டரில் ஒரு குழாய் கழன்றால் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலாரம் அடிக்கும். நம் பக்கம் புழக்கத்தில் இருக்கும் சாதாரண பபுள் சிபாப் பலவற்றில் அப்படி எதுவும் கிடையாது. ப்ராங்ஸ் நழுவினாலும், பாட்டிலில் தண்ணீர் ஏறினாலும், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் காய்ந்துபோனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மிஷின் எளிது, டூட்டி கஷ்டம்.

கீழே இருப்பது குழந்தை பக்கத்தில் நிற்கிறவர்களுக்கான குறிப்பு. அழுத்தம், மருந்து அளவு எல்லாம் டாக்டர் ஆர்டர்படிதான். உங்கள் யூனிட் சுவரில் ஒட்டியிருக்கும் ப்ரோட்டோகால் ஒன்றிரண்டு எண்ணில் மாறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முனகல் எதற்கு

34 வாரத்துக்கு முன்னால் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு நுரையீரலில், காற்றுப்பைகள் ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு ஊறியிருக்காது. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளும், அடுத்த மூச்சில் அவற்றை மறுபடியும் திறக்க வேண்டும், ஒரு நிமிடத்துக்கு 60, 70 தடவை இதையே செய்தால் ஒன்றரைக் கிலோ குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும்? அதனால் குழந்தை தானாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. மூச்சை விடும்போது குரல்வளையைப் பாதி மூடி, கொஞ்சம் காற்றை உள்ளேயே பிடித்து வைக்கிறது. நமக்குக் கேட்கும் முனகல் அதுதான். 1968-ல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்: முனகும் குழந்தையின் தொண்டையில் குழாய் போட்டு முனக முடியாமல் செய்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது, குழாயை எடுத்து முனக விட்டதும் மறுபடி ஏறியது.

அப்படியானால் அந்த வேலையைக் குழந்தைக்குப் பதிலாக நாம் செய்தால் என்ன என்பதுதான் சிபாப். 1971-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் அவருடன் இருந்தவர்களும் 20 குழந்தைகளுக்குத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்து, அதில் 16 பேர் பிழைத்ததாக எழுதினார்கள். அதற்கு 8 வருடம் முன்பு, 1963 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையோடு பிறந்து இரண்டு நாள்கூட இல்லாமல் இதே மூச்சுத்திணறலில் இறந்துபோனான். அன்றைக்கு அதிபரின் பிள்ளைக்கும் கிடைக்காத வைத்தியம் இன்றைக்கு நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இலவசமாக இருக்கிறது.

குழாய் நுனியைத் தண்ணீரில் முக்கி வைக்கும் பபுள் முறையை 1970-களிலேயே தொடங்கி வளர்த்தெடுத்தவர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஜென்-டியன் வுங். கணக்கு எளிது: மூச்சு வெளியேறும் குழாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 5 செ.மீ. இறங்கியிருந்தால் அழுத்தம் 5 செ.மீ. தண்ணீர். பாட்டில் குண்டா ஒல்லியா என்பதெல்லாம் பொருட்டே இல்லை, ஆழம் மட்டும்தான் கணக்கு.

யாருக்கு, எப்போது

சீக்கிரம். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தலையை மூடும் ஹூட்டில் ஆக்சிஜன் வைத்து, இரண்டு மணி நேரம் பார்ப்போம், ஏறவில்லை என்றால் சிபாப் போடுவோம் என்கிற பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒட்டிப்போன நுரையீரலைத் திறப்பதைவிட ஒட்டாமல் காப்பது சுலபம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரையும் மூச்சுத்திணறல் அறிகுறி தெரிந்ததும் தொடங்கச் சொல்கிறது, 32 வாரத்துக்குக் குறைவாகப் பிறந்தால் திணறல் இல்லாவிட்டாலும் பிறந்தவுடனே யோசிக்கலாம் என்கிறது. அதனால் லேபர் ரூமிலேயே அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் டி-பீஸ் இருந்தால் 5 செ.மீ. பீப் (மூச்சை விட்ட பிறகும் உள்ளே நிற்கும் அழுத்தம்) வைத்து, 21 முதல் 30 சதவீத ஆக்சிஜனோடு அங்கிருந்தே தொடங்கி, அப்படியே யூனிட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். நடுவில் உடம்பு குளிர விடாதீர்கள், 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கிய குழந்தைக்கு எந்த சிபாப்பும் ஒழுங்காக வேலை செய்யாது.

அளந்து பார்க்க சில்வர்மேன் ஸ்கோர். ஐந்து விஷயம்: நெஞ்சும் வயிறும் சேர்ந்து ஏறுகிறதா அல்லது ஒன்று ஏற மற்றொன்று இறங்குகிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே உள்வாங்குகிறதா, நெஞ்செலும்பின் நுனி குழிகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, முனகல் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. முனகல் ஸ்டெதாஸ்கோப்பில் மட்டும் கேட்டால் 1, வெறும் காதிலேயே கேட்டால் 2. மொத்தம் 4 வந்தால் சிபாப்புக்குத் தயார் செய்யுங்கள். 7 வந்துவிட்டால் சிபாப் மட்டும் போதாமல் போகலாம், டாக்டரை அந்த நிமிடமே கூப்பிடுங்கள். எண்ணைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். "பரவாயில்லை சிஸ்டர், கொஞ்சம் நல்லா இருக்கு" என்று அடுத்த ஷிஃப்டிடம் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது, 6-ல் இருந்து 3 ஆகியிருக்கிறது என்றால் புரியும்.

சிபாப் போடக் கூடாத குழந்தைகளும் உண்டு. மூச்சே எடுக்காத, அல்லது விட்டுவிட்டு இழுக்கும் குழந்தைக்கு முதலில் ஆம்பு பேக், தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் ட்யூப். உதரவிதானத்தில் ஓட்டை இருந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தால் வேண்டவே வேண்டாம், வயிறு ஒட்டிப்போய் நெஞ்சு உப்பியிருக்கிற குழந்தையைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் சேர்ந்திருப்பது, மூக்கின் பின்துவாரம் இரண்டு பக்கமும் அடைபட்டிருப்பது, அண்ணப் பிளவு, அடங்காத ஷாக் இவையும் அந்தப் பட்டியலில்தான்.

செட் பண்ணுவது

குழந்தை வருவதற்கு முன்பே எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டூட்டி ஏறியதும் காலியாக இருக்கும் ஒரு வார்மரில் ஒரு செட்டை மாட்டி வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

காற்றும் ஆக்சிஜனும் ப்ளெண்டர் வழியாக வந்தால் கவலையில்லை, 30 சதவீதத்தில் வையுங்கள். ப்ளெண்டர் இல்லாமல் இரண்டு ஃப்ளோமீட்டரை இணைத்து ஓட்டுகிற இடங்களில் கணக்குப் போடத் தெரிய வேண்டும்: ஆக்சிஜன் லிட்டரை 100-ஆல் பெருக்குங்கள், காற்று லிட்டரை 21-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி மொத்த லிட்டரால் வகுங்கள். ஆக்சிஜன் 1 லிட்டர், காற்று 4 லிட்டர் என்றால் 184-ஐ 5-ஆல் வகுத்து 37 சதவீதம் வரும். ஆக்சிஜன் அரை லிட்டர், காற்று நாலரை என்றால் 29. இந்தச் சின்ன அட்டவணையை எழுதி ஃப்ளோமீட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டால் நடுராத்திரியில் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. காற்று இல்லாமல் சிலிண்டர் ஆக்சிஜனை மட்டும் வைத்துப் பபுள் ஓட்டுவது அவசரத்துக்குச் சில நிமிடம் என்றால் சரி, அதையே ராத்திரி முழுக்க ஓட்டினால் குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து.

மொத்த ஃப்ளோ நிமிடத்துக்கு 5 லிட்டரில் தொடங்குங்கள். குமிழி விடாமல் வருகிற அளவுக்குப் போதும். பாட்டிலில் குழாய் 5 செ.மீ. ஆழம். சிலர் பயந்துகொண்டு எடுத்த எடுப்பிலேயே 8 வைத்துவிடுகிறார்கள். 2008-ல் வெளியான காயின் ஆய்வில், 25 முதல் 28 வாரக் குழந்தைகளுக்கு 8 செ.மீ.யில் தொடங்கினார்கள். நுரையீரல் வெடித்து நெஞ்சுக்குள் காற்று சேர்வது, அதாவது நியூமோதொராக்ஸ், ட்யூப் போட்ட குழந்தைகளில் 3 சதவீதம், சிபாப் போட்டவர்களில் 9 சதவீதம். 5 அல்லது 6-ல் தொடங்கி, தேவையைப் பார்த்து ஏற்றுவதே பாதுகாப்பு.

கம்பெனி பாட்டில் இல்லாமல் சலைன் பாட்டிலில் செட் பண்ணுகிற இடமாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: பாட்டில் வாய் அடைபட்டிருக்கக் கூடாது. குமிழியாக வரும் காற்று வெளியேற வழி வேண்டும். மூடியை இறுக்கி டேப் சுற்றிவிட்டால் அந்த அழுத்தம் முழுக்கத் திரும்பிக் குழந்தையின் நெஞ்சுக்குத்தான் போகும். பாட்டில் குழந்தையின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், கவிழ்ந்தாலும் தண்ணீர் குழந்தை பக்கம் வராது.

ஹியூமிடிஃபையரை யாரும் மதிப்பதில்லை, நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். மூக்கருகே வரும் காற்று 37 டிகிரியில், ஈரம் நிறைந்து வர வேண்டும். சேம்பரில் கோடு வரைக்கும் ஸ்டெரைல் வாட்டர், குழாய்த் தண்ணீர் கூடாது, சலைனும் கூடாது. குழந்தை பக்கத்தில் இருக்கும் வெப்ப ப்ரோப் வார்மரின் நேரடிச் சூட்டில் மாட்டிக்கொண்டால், காற்று சூடாகத்தான் இருக்கிறது என்று மிஷின் ஏமாந்து ஹீட்டரைக் குறைத்துவிடும். எண் 37 காட்டும், காற்று ஜில்லென்று வரும், ஆறு மணி நேரத்தில் மூக்குச் சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். ப்ரோப்பைச் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

எல்லாம் மாட்டியதும் குழந்தைக்கு வைப்பதற்கு முன் ப்ராங்ஸ் துவாரத்தைச் சுத்தமான கிளவுஸ் விரலால் அடைத்துப் பாருங்கள். பாட்டிலில் குமிழி வந்தால் சர்க்யூட் சரி. வராவிட்டால் எங்கோ ஒழுகுகிறது, அதைக் கண்டுபிடித்த பிறகுதான் குழந்தை.

மூக்கு

இனி சொல்வதில்தான் முக்கால்வாசி வேலையும் இருக்கிறது. சிபாப் வேலை செய்யவில்லை என்று ட்யூப் போடப்படும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையில் சரியில்லாமல் போனது மூக்கில் ப்ராங்ஸ் உட்கார்ந்த விதம்தான்.

ஹட்சன் ப்ராங்ஸ் என்றால் 700 கிராமுக்குக் கீழே சைஸ் 0, அதிலிருந்து 1250 வரை சைஸ் 1, 2 கிலோ வரை 2, 3 கிலோ வரை 3, அதற்கு மேல் 4. இது தொடக்கக் கணக்கு மட்டும், கடைசியில் தீர்மானிப்பது குழந்தையின் மூக்குத் துவாரம். ப்ராங்ஸ் துவாரத்தை நிறைக்க வேண்டும், ஆனால் சுற்றியுள்ள தோல் வெளுக்கக் கூடாது. சின்னதாக இருந்தால் மூக்கை உறுத்தாது என்று நினைத்து ஒரு சைஸ் குறைத்துப் போடுவதை நிறையப் பார்க்கலாம், நடப்பது நேர் எதிர். ஓரத்தில் காற்று ஒழுகும், குமிழி வராது, குமிழி வர வேண்டுமே என்று ப்ராங்ஸை உள்ளே அழுத்தி இறுக்கிக் கட்டுவார்கள், மறுநாள் காலையில் மூக்கின் நடுச் சதையில் தோல் புண்ணாகியிருக்கும்.

முதலில் தொப்பி. தலையைச் சுற்றி அளந்து, புருவத்துக்குக் கொஞ்சம் மேலே முன்பக்கமும் கழுத்துப்பிடரி வரை பின்பக்கமும், காதை மடக்காமல் மூடி உட்கார வேண்டும். தொப்பி தளர்ந்தால் பின்னால் வருவது எல்லாம் தளரும், அதனால் தொப்பியில் கஞ்சத்தனம் வேண்டாம். தோளுக்கு அடியில் சுருட்டிய துணி, கழுத்து லேசாக நீண்டு, தலை பக்கம் 30 டிகிரி தூக்கி. வாயையும் மூக்கையும் மெதுவாக சக்‌ஷன் பண்ணுங்கள், அழுத்தம் 100-ஐத் தாண்ட வேண்டாம். மேலுதட்டிலும் மூக்குக்கு அடியிலும் ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டியோ வெல்க்ரோ மீசை வைத்தோ தோலைக் காப்பாற்றுங்கள். ப்ராங்ஸ் வளைவாக இருந்தால் வளைவு கீழ்ப்பக்கம் பார்க்க, ஒரு சொட்டு ஸ்டெரைல் வாட்டரில் நனைத்து நுழையுங்கள். பிறகு இரண்டு பக்கக் குழாயையும் தொப்பியில் ஒரே மட்டத்தில் கட்டுங்கள், ஒரு பக்கம் தாழ்ந்தால் ப்ராங்ஸ் கோணி ஒரு துவாரத்தின் சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும்.

கட்டி முடித்ததும் ப்ராங்ஸின் குறுக்குப் பட்டைக்கும் மூக்கின் நடுச் சதைக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கண்ணில் தெரிகிற இடைவெளி. டார்ச் அடித்துப் பார்த்து, இருக்கிறது என்றால் சரி. ஒவ்வொரு மணிக்கும் இதைப் பாருங்கள், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை ப்ராங்ஸை எடுத்துவிட்டு மூக்கை முழுசாகப் பாருங்கள், தோல் சிவந்தாலே சார்ட்டில் எழுதுங்கள். மாஸ்க் இருந்தால் ப்ராங்ஸும் மாஸ்கும் மாற்றி மாற்றிப் போடலாம், இரண்டும் அழுத்தும் இடம் வேறு என்பதால் தோலுக்கு ஓய்வு கிடைக்கும். புண் வந்த பிறகு க்ரீம் தேடுவதில் பயனில்லை, அந்த நடுச் சதை ஒருமுறை அழுகிப்போனால் அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் முகத்தில் அது தெரியும்.

குமிழி என்ன சொல்கிறது

போட்டவுடனே பாட்டிலைப் பாருங்கள். குமிழியே இல்லையென்றால் ஒழுகல். மறுபடி ப்ராங்ஸை எடுத்து விரலால் அடையுங்கள், குமிழி வந்தால் பிரச்சினை குழந்தை பக்கம்: வாய் திறந்திருக்கிறது, அல்லது ப்ராங்ஸ் சின்னது. வாய்க்குத் தாடைக்கு அடியில் மெதுவாக ஒரு துணிப்பட்டை கொடுக்கலாம், வாயை இறுக்கி மூடிவிடாதீர்கள், அழுத்தம் அதிகமானால் தப்பிக்கிற வழி அதுதான். விட்டுவிட்டுக் குமிழி வந்தால் கொஞ்சம் ஒழுகுகிறது அல்லது ஃப்ளோ பத்தவில்லை. உலை கொதிக்கிற மாதிரி பொங்கினால் ஃப்ளோ அதிகம், குறையுங்கள், பொங்கும்போது உண்மை அழுத்தம் நாம் வைத்த ஆழத்தைவிடக் கூடுதலாகப் போய்விடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. குமிழி அழகாக வந்துகொண்டே இருக்கும், குழந்தைக்கு ஒன்றும் போய்ச் சேராது. மூக்கு சளியால் அடைத்திருந்தாலும் ப்ராங்ஸ் சுவரில் முட்டியிருந்தாலும் சர்க்யூட்டுக்குள் அழுத்தம் இருக்கும், குமிழி வரும். அதனால் குமிழியைப் பார்த்துவிட்டு அடுத்த வார்மருக்கு நகரக் கூடாது. ஸ்டெதாஸ்கோப் வைத்து இரண்டு பக்கமும் காற்று இறங்குகிறதா, நெஞ்சில் குமிழி அதிர்வு கேட்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் இரண்டு இடத்தில் ஏமாற்றும். ஹியூமிடிஃபையர் ஈரம் குழாயில் குளிர்ந்து சொட்டாகி வெளிமூச்சுக் குழாயின் தாழ்வான வளைவில் தேங்கினால், காற்று அந்தத் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அழுத்தம் கூடும். அதே தண்ணீர் பாட்டிலுக்குள் வடிந்து மட்டம் ஏறினாலும் 5 செ.மீ. என்பது உங்களுக்குத் தெரியாமலேயே 7 ஆகியிருக்கும். மணிக்கு ஒரு தடவை வாட்டர் ட்ராப்பைக் காலி செய்து, பாட்டில் மட்டத்தைக் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். குழாயைத் தூக்கித் தண்ணீரைக் குழந்தை பக்கம் ஓட விட்டுவிடாதீர்கள்.

எதை ஏற்றுவது, எதை இறக்குவது

சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம், 90-க்கும் 95-க்கும் நடுவே. மானிட்டர் அலாரத்தை 89, 96-ல் வையுங்கள், மேல் அலாரத்தை அணைத்து வைக்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 99 என்பது நல்ல எண் அல்ல, ஆக்சிஜனைக் குறைக்கச் சொல்லும் எண். 21 சதவீதத்தில், அதாவது வெறும் காற்றில், 99 காட்டினால் கவலையில்லை.

நெஞ்சு உள்வாங்குகிறது, முனகல் நிற்கவில்லை என்றால் தேவை அழுத்தம்: ஒரு செ.மீ. ஏற்றுங்கள், 6, 7, அதிகபட்சம் 8. உள்வாங்கல் பெரிதாக இல்லை, சாச்சுரேஷன் மட்டும் 88-ல் நிற்கிறது என்றால் ஆக்சிஜனை 5 சதவீதம் ஏற்றிப் பாருங்கள். ஆனால் எதையும் ஏற்றும் முன் மூக்கு, ப்ராங்ஸ், கழுத்து நிலை, தண்ணீர், இவற்றை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். எக்ஸ்ரேயில் பின்பக்க விலா எலும்பு 8-க்கு மேல் தெரிந்து உதரவிதானம் தட்டையாக இருந்தால் காற்று அதிகமாக நிரம்புகிறது, அப்போது ஏற்றுவது தவறு, இறக்க வேண்டும். அழுத்தம் அதிகமானால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவதும் குறையும், கை கால் குளிர்ந்துபோகும், தோலை அழுத்தி விட்டால் நிறம் மெதுவாகத்தான் திரும்பும்.

32 வாரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு மூச்சு மறப்பது வழக்கம், அவர்களுக்குக் காஃபின் சிட்ரேட் ஆர்டர் வரும்: முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி., அடுத்த நாளிலிருந்து தினம் 5 முதல் 10 மி.கி. பாட்டிலில் சிட்ரேட் அளவா வெறும் காஃபின் அளவா என்று படியுங்கள், 20 மி.கி. சிட்ரேட்டில் காஃபின் 10 மி.கி.தான், இதில் குழம்பினால் டோஸ் இரட்டிப்பாகும்.

வயிறு, பால், அம்மா

மூக்கில் போகும் காற்றில் கொஞ்சம் வயிற்றுக்கும் போகும். வாய்வழியாக வயிற்றுக்கு ட்யூப் போட்டு, அதன் வெளி நுனியைத் திறந்து வயிற்று மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். மூக்குவழி போடாதீர்கள், இருக்கிற இரண்டு துவாரமும் மூச்சுக்கு வேண்டும். பால் கொடுத்த பிறகு அரை மணி நேரம் மூடி, பிறகு திறந்துவிடுவது பல யூனிட்டுகளின் வழக்கம். வயிறு மெத்தென்று உப்பியிருந்தால் அது சிபாப் வயிறு, பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வயிறு கெட்டியாக, பளபளவென்று, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் அது வேறு கதை, பாலை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சிபாப்பில் இருக்கும் குழந்தைக்கு அம்மாப்பால் ட்யூபில் கொடுக்கலாம், கங்காரு பராமரிப்பும் கொடுக்கலாம். இதைச் சொன்னால் இன்னும் சில சீனியர்கள் முறைப்பார்கள். 2021-ல் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் நடந்த ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரையான குழந்தைகளை உடம்பு முழுக்கத் தேறும் வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே அம்மா நெஞ்சில் போட்டதில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. சர்க்யூட்டை அம்மாவின் தோள் பக்கம் பின் பண்ணி, இரண்டு பேர் சேர்ந்து மாற்றினால் ப்ராங்ஸ் நழுவாது.

குழாயைப் பார்த்ததும் அம்மாவும் பாட்டியும் பயந்துவிடுவார்கள். "சிஸ்டர், பிள்ளைக்கு ரொம்ப சீரியஸா?" என்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் நழுவாமல் இரண்டு நிமிடம் நின்று சொல்லுங்கள்: "இல்லம்மா, பிள்ளை தானாத்தான் மூச்சு விடுது, நுரையீரல் ஒட்டாம இருக்கக் காத்து கொடுக்கிறோம். நீங்க கையைக் கழுவிட்டு வந்து தொடலாம்." அதன் பிறகு ப்ராங்ஸ் நழுவினால் முதலில் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் அந்த அம்மாவாகத்தான் இருக்கும்.

எப்போது சிபாப் போதாது

திடீரென்று சாச்சுரேஷன் இறங்கி, ஒரு பக்க நெஞ்சு மட்டும் தூக்கி, இதயச் சத்தம் மறுபக்கம் நகர்ந்தால் நியூமோதொராக்ஸ். அறை விளக்கை அணைத்து நெஞ்சில் ட்ரான்ஸ்இல்லுமினேட்டர் என்கிற ஊடுருவும் விளக்கை வைத்துப் பாருங்கள், எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பிறந்த முதல் சில மணி நேரத்தில், 6 செ.மீ. அழுத்தத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கேட்கிற குறைமாதக் குழந்தைக்கு சர்ஃபாக்டன்ட் யோசிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். இப்போதெல்லாம் மெல்லிய கதீட்டர் வழியாக, சிபாப்பை எடுக்காமலேயே கொடுக்கிறார்கள். சர்ஃபாக்டன்ட் இல்லாத மருத்துவமனை என்றால் இந்த 30 என்பது ரெஃபர் பண்ணுவதைப் பற்றிப் பேச வேண்டிய எண். 8 செ.மீ.யில் 60 சதவீதம் ஆகும் வரை உட்கார்ந்துவிட்டு அப்புறம் 108-ஐக் கூப்பிடுவது மோசமான பயணம். மூச்சு நின்று நின்று ஆம்பு பேக் கொடுக்க வேண்டியிருப்பது, ரத்தத்தில் பி.எச். 7.2-க்குக் கீழே, கார்பன் டை ஆக்சைடு 60-க்கு மேல், இவையும் சிபாப் தோற்கிறது என்பதற்கு அடையாளம். ட்யூப் போடும் முன்னால் என்.ஐ.பி.பி.வி. (ட்யூப் இல்லாமல் மூக்கு வழியாகவே விட்டுவிட்டு அழுத்தம் கொடுப்பது) இருந்தால் சில டாக்டர்கள் அதைப் பார்ப்பார்கள்.

மூக்கில் மெல்லிய குழாய் வழியாக வேகமாகக் காற்று கொடுக்கும் ஹை ஃப்ளோ நாசல் கேனுலா மூக்குக்கு இதமாக இருக்கிறது, போடுவதும் சுலபம், அதனால் அதையே முதலில் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதல் சிகிச்சையாகக் கொடுத்தபோது ஹை ஃப்ளோ 25.5 சதவீதக் குழந்தைகளில் போதாமல் போனது, சிபாப்பில் அது 13.3 சதவீதம். சிபாப்பிலிருந்து இறங்கும்போது அதற்கு இடமுண்டு, தொடக்கத்தில் சிபாப்தான்.

எடுப்பது

அவசரம் வேண்டாம். முதலில் ஆக்சிஜனைக் குறைத்து 30-க்குக் கீழே, முடிந்தால் 21-க்கு. பிறகு அழுத்தத்தை ஒவ்வொரு செ.மீ.யாக 5-க்கு. ஒரு நாள் முழுக்க உள்வாங்கல் இல்லாமல், மூச்சு மறக்காமல், எடை இறங்காமல் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். 30 வாரத்துக்கு முன் பிறந்த சிலருக்கு வாரக்கணக்கில் வேண்டியிருக்கும், பெட் வேண்டும் என்பதற்காக எடுத்துவிட்டு மறுநாள் திரும்பப் போடுவதில் லாபம் இல்லை. எடுத்த பிறகு ஒரு நாளாவது செட்டைக் கழற்றாமல் பக்கத்திலேயே வையுங்கள். மூச்சு எண்ணிக்கை 60-ஐத் தாண்டினாலோ மூச்சு மறந்தாலோ திரும்பப் போட வேண்டும். அது தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்த நுரையீரல் இன்னும் சில நாள் கேட்கிறது.

டிஸ்சார்ஜ் கார்டு எழுதும்போது ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறு) கண் பரிசோதனைத் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். 34 வாரத்துக்குக் கீழே அல்லது 2 கிலோவுக்குக் கீழே பிறந்த எல்லோருக்கும் பிறந்து 4 வாரத்துக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்குக் கீழே அல்லது 1200 கிராமுக்குக் கீழே என்றால் 2 அல்லது 3 வாரத்திலேயே. 2015-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இந்தப் பரிசோதனையைச் சொல்லாமல் விட்டதால் பார்வை போன பெண்ணுக்குக் கோடிக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கார்டில் எழுதினால் மட்டும் போதாது, "இந்தத் தேதிக்குக் கண் டாக்டர்கிட்ட காட்டணும், தள்ளிப்போடக் கூடாது" என்று அம்மாவிடமும், கூட வந்த அப்பாவோ பாட்டியோ யாராக இருந்தாலும் அவர்களிடமும் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு அனுப்புங்கள்.